மூன்றாம் இடம் யாருடையது? 2025 கார்ப் பந்தயப் பருவமும் தமிழ்ச் செய்தி எழுத்தும்

2025ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கார்ப் பந்தயப் பருவம், தமிழ் வாசகர்கள் பெருந்திரளாகப் பின்தொடர்ந்த முதல் நெடுநேரப் பந்தயப் பருவம் எனலாம். நடிகர் அஜித்குமார் தம் பெயரில் ஓர் அணியைத் தொடங்கித் துபாயிலும் ஐரோப்பாவிலும் களமிறங்கியதே இதற்குக் காரணம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய எல்லாத் தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் இந்தப் பருவம் இடம்பெற்றது. ஆனால் அந்த எழுத்துகளில் பெரும்பான்மையானவை பந்தயத்தைத் திரைப்படச் செய்தியாகவே எழுதின. எந்தத் தொடர், எந்த வகுப்பு, எந்தக் கார், ஓட்டியவர் யார் ஆகிய நான்கு அடிப்படைக் கேள்விகளுக்கு அவற்றில் விடை கிடைப்பது அரிது. அந்தப் பருவம் உண்மையில் எத்தகையது, தமிழ் எழுத்து அதை எவ்வாறு புரிந்துகொண்டது, அதனால் நாம் எதைத் தவறவிட்டோம் ஆகியவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

டூரிங் கார், ஜிடி கார்: சொல் விளக்கம்

தமிழில் 'கார் ரேஸ்' என்ற ஒரே சொல்லால் பல விளையாட்டுகளைக் குறிக்கிறோம். ஃபார்முலா வகைக் கார்களில் சக்கரங்கள் உடலுக்கு வெளியே இருக்கும். ஒருவர் மட்டுமே அமர முடியும். அவை பந்தயத்துக்கென்றே உருவாக்கப்படுபவை. டூரிங் கார் என்பது கடையில் விற்கும் குடும்பக் காரை அடிப்படையாகக் கொண்டு பந்தயத்துக்கு மாற்றியமைக்கப்பட்டது. ஜிடி கார் என்பது விலையுயர்ந்த விளையாட்டுக் கார்களின் பந்தய வடிவம்.

டூரிங் கார்களுக்கான உலக வாகையர் தொடர் 1987இல் ஒருமுறை நடந்தது. பின்னர் 2005 முதல் 2017 வரை தொடர்ந்து நடைபெற்றது. 2018 முதல் 2022 வரை அது உலகக் கோப்பையாக மாறியது. 2023 முதல் டிசிஆர் உலகச் சுற்றாக நடக்கிறது. டிசிஆர் என்பது 2015இல் அறிமுகமான விதித்தொகுப்பு. இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், முன்சக்கர இயக்கம் என்ற வரையறைக்குள் பல நிறுவனங்களின் கார்கள் மோதும். இந்த உலகத் தொடர்களின் எந்தச் சுற்றும் இந்தியாவில் நடந்ததில்லை. ஆசியாவில் மக்காவ் நகரத் தெருக்களில் நடைபெறும் கையா பந்தயம் 1972 முதல் இந்த வகையின் புகழ்பெற்ற நிகழ்வாக விளங்குகிறது.

அஜித்குமார் அணி 2025இல் முதன்மையாகப் பங்கேற்றது '24எச்' தொடர். இதை நெதர்லாந்தைச் சேர்ந்த கிரெவென்டிக் நிறுவனம் நடத்துகிறது. இது ஜிடி கார்களும் டூரிங் கார்களும் ஒரே தடத்தில், ஒரே நேரத்தில், தனித்தனி வகுப்புகளாக ஓடும் தொடர். இந்த ஒரு செய்தியை அறியாமல் இத்தொடரின் எந்த முடிவையும் சரியாக வாசிக்க முடியாது.

தொடரின் அமைப்பு

துபாய் 24 மணிநேரப் பந்தயம் முதன்முதலில் 2006 ஜனவரியில் நடந்தது. அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய தொடர். இதில் பல வகுப்புகள் உள்ளன. முதலிடத்தில் ஜிடி3 வகுப்பு. அதற்கு அடுத்த நிலையில் '992' வகுப்பு. இதில் போர்ஷே 911 ஜிடி3 கப் கார்கள் மட்டுமே ஓடும். நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட இக்கார் ஏறக்குறைய 510 குதிரைத்திறன் தருவது. அதற்கும் கீழே ஜிடி4 வகுப்பும் டூரிங் கார் வகுப்பும் உள்ளன.

ஒரு காரை ஒரே ஆள் 24 மணிநேரமும் ஓட்டுவதில்லை. மூன்று முதல் ஐந்து பேர் வரை மாறி மாறி ஓட்டுவார்கள். ஓட்டுநர்களைப் பன்னாட்டு மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என நான்கு தரங்களாகப் பிரிக்கிறது. முழுநேரத் தொழில்முறை ஓட்டுநர்கள் மேல்தரங்களிலும், வேறு தொழில் செய்துகொண்டு ஆர்வத்தால் ஓட்டுவோர் கீழ்த்தரங்களிலும் இடம்பெறுவர். 24எச் தொடர் இந்த இரண்டாவது வகையினரை மையமாக வைத்தே வளர்ந்தது. தொழிலதிபர்களும் மருத்துவர்களும் ஓய்வுபெற்ற ஓட்டுநர்களும் இளம் திறமையாளர்களும் ஒரே காரைப் பகிர்ந்துகொள்வது இங்கு வழக்கம்.

இத்தொடரின் இன்னொரு தனித்தன்மை 'கோட் 60' என்ற விதி. தடத்தில் விபத்து நேர்ந்தால் மற்றத் தொடர்களில் பாதுகாப்புக் கார் வரும். எல்லாக் கார்களும் அதன் பின்னால் வரிசையாகச் சேரும். இங்கோ ஊதா நிறக் கொடி காட்டப்படும். உடனே எல்லாக் கார்களும் மணிக்கு 60 கிலோமீட்டருக்குள் இறங்கிவிட வேண்டும். முன்னால் போகும் காருக்கும் பின்னால் வரும் காருக்கும் இடையிலான தொலைவு இதனால் பெரிதும் மாறாது. அந்த நேரத்தில் எரிபொருள் நிரப்பச் செல்வதா, தடத்திலேயே இருப்பதா என்ற முடிவுதான் பல பந்தயங்களைத் தீர்மானிக்கிறது. வேகத்தைவிடக் கணக்கு முக்கியமாகும் இடம் இது.

ஆக, இத்தொடரில் ஓர் அணியின் இடத்தைச் சொல்லும்போது மூன்று விவரங்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஒட்டுமொத்த இடமா, வகுப்பில் இடமா, எந்த வகுப்பு, காரை ஓட்டியவர்கள் யார் யார். கிரிக்கெட்டில் ஒருவர் நூறு ரன் அடித்தார் என்று மட்டும் எழுதி, அது டெஸ்ட் போட்டியா, கல்லூரிப் போட்டியா என்பதை விட்டுவிட்டால் எந்த வாசகரும் ஏற்கமாட்டார். கார்ப் பந்தயத்தில் அந்த விடுபாட்டை நாம் ஏற்றுக்கொண்டோம்.

துபாய்: இரண்டு கார்களும் ஒரு செய்தியும்

2025 ஜனவரி 7 அன்று துபாய் ஆட்டோட்ரோம் தடத்தில் பயிற்சியின்போது அஜித்குமார் ஓட்டிய கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்றது. அவருக்குக் காயம் இல்லை. பந்தயத்துக்கு முன் அணி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 992 வகுப்பில் ஓடும் தம் அணியின் போர்ஷே கப் காரை அவர் ஓட்டமாட்டார். அணி உரிமையாளராக மட்டும் இருப்பார். அதே பந்தயத்தில் ரசூன் என்ற வேறோர் அணியின் போர்ஷே கேமன் ஜிடி4 காரை ஓட்டுவார் என்பதே அதன் சாரம்.

ஜனவரி 11, 12 தேதிகளில் பந்தயம் நடந்தது. அஜித்குமார் ரேசிங் அணியின் கார் 992 வகுப்பில் மூன்றாம் இடம் பெற்றது. அந்தக் காரைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மற்ற ஓட்டுநர்கள். அஜித்குமார் ஜிடி4 வகுப்பில் ஓட்டிய காருக்காக 'ஸ்பிரிட் ஆஃப் தி ரேஸ்' என்ற சிறப்பு விருதைப் பெற்றார்.

இங்கே இரண்டு தனித்தனிச் செய்திகள் உள்ளன. ஒன்று, ஓர் புதிய அணி தன் முதல் பெரிய பந்தயத்திலேயே வகுப்பு மேடை ஏறியது. இது அணி நிர்வாகத்தின் வெற்றி. மற்றொன்று, 53 வயதில் நீண்ட இடைவெளிக்குப் பின் களத்துக்குத் திரும்பிய ஒருவர், பயிற்சியில் விபத்தைச் சந்தித்த பின்னும் வேறொரு காரில் பந்தயத்தை ஓட்டினார். இது தனிமனித உறுதியின் செய்தி. இரண்டுமே எழுதத் தகுந்தவை. 'அஜித் அணி' என்று சரியாக எழுதிய செய்திகளும் இருந்தன. ஆனால் சமூக ஊடகங்களிலும் காணொளித் தலைப்புகளிலும் இவ்விரண்டும் ஒன்றாகி, 'அஜித் துபாய் ரேஸில் மூன்றாம் இடம்' என்று சுருங்கின. 'வகுப்பில்' என்ற சொல் முதலில் விழுந்தது. 'அணி' என்ற சொல் அடுத்து விழுந்தது. கடைசியில், காரை உண்மையில் ஓட்டிய மூவரின் பெயர் தெரிந்த தமிழ் வாசகர் எத்தனை பேர் என்று கேட்கும் நிலை வந்தது.

இந்தப் பிழையை அஜித்குமார் மீது சுமத்துவது நியாயமல்ல. காரிலிருந்து விலகும் முடிவை அவரது அணி பந்தயத்துக்கு முன்பே வெளிப்படையாகச் சொன்னது. ஓர் அணியின் நலனுக்காக உரிமையாளரே ஓட்டுநர் இருக்கையை விட்டுக்கொடுப்பது எளிதான முடிவும் அல்ல. அந்த முடிவின் மதிப்பையே தலைப்புகள் அழித்துவிட்டன என்பதுதான் குறை. அவர் ஓட்டியே மூன்றாம் இடம் வந்தது என்று எழுதினால், அவர் ஓட்டாமல் இருக்க எடுத்த முடிவு வாசகருக்குத் தெரியாமலே போகிறது. புகழ்வதாக எண்ணி, புகழத்தக்க ஒன்றை மறைத்துவிட்டோம்.

ஐரோப்பியச் சுற்றுகள்

துபாய்ப் பந்தயம் மத்தியக் கிழக்குச் சுற்றைச் சேர்ந்தது. ஐரோப்பியச் சுற்றுகள் மார்ச்சில் இத்தாலியின் முஜெல்லோவில் தொடங்கின. அங்கு நடந்த 12 மணிநேரப் பந்தயத்தில் அணி மீண்டும் 992 வகுப்பில் மூன்றாம் இடம் பெற்றது. ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் நடந்த 12 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாம் இடம். ஸ்பா ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள, காட்டுக்கும் மேட்டுக்கும் இடையே ஏறி இறங்கும் தடம். ஒரு முனையில் மழை பெய்ய மறுமுனை காய்ந்திருப்பது அங்கே வழக்கம். செப்டம்பர் இறுதியில் பார்சிலோனா 24 மணிநேரப் பந்தயத்தில் மீண்டும் வகுப்பில் மூன்றாம் இடம்.

இதற்கிடையே அவர் வேறு தொடர்களிலும் ஓட்டினார். தென் ஐரோப்பிய போர்ஷே ஸ்பிரின்ட் சேலஞ்ச் தொடரின்போது பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் அவரது கார் உருண்டது, காயமின்றித் தப்பினார். ஐரோப்பிய ஜிடி4 தொடரில் ஜூலையில் இத்தாலியின் மிசானோவில், தடத்தில் நின்றுவிட்ட மற்றொரு கார் மீது மோதிப் பந்தயத்திலிருந்து விலகினார். அதன்பின் தடப் பணியாளர்களுடன் சேர்ந்து அவர் சிதறல்களை அகற்றிய காட்சி பரவலாகப் பகிரப்பட்டது.

ஒரு பருவம் என்ற அளவில் இதை எப்படி மதிப்பிடுவது? அணியைப் பொறுத்தவரை இது நல்ல பருவம். நெடுநேரப் பந்தயத்தில் முதல் தேவை முடித்துக் காட்டுவது. பழுது, விபத்து, தண்டனை நேரம் ஆகிய மூன்றையும் தாண்டி வகுப்பு மேடையை மீண்டும் மீண்டும் தொடுவதற்கு நல்ல இயந்திரப் பணியாளர்களும் சீரான ஓட்டுநர்களும் வேண்டும். ஓட்டுநர் அஜித்குமாரைப் பொறுத்தவரை, இது நேர்மையான ஆர்வலர் ஒருவரின் பருவம். விபத்துகள் இருந்தன, முன்னேற்றமும் இருந்தது. அவரை உலகத் தரத் தொழில்முறை ஓட்டுநராகக் காட்டுவது தவறு. பணமிருப்பதால் விளையாடுகிறார் என்று தள்ளுவதும் தவறு. ஆர்வலர்களுக்கு மதிப்பான இடம் உள்ள விளையாட்டு இது. அந்த இடத்தை அவர் முறையாகப் பெற்றார்.

திரைச் செய்தியாளர்கள் இந்த நடுநிலையை எட்டாததற்குக் காரணம் உண்டு. அதே ஆண்டு பிப்ரவரியில் 'விடாமுயற்சி', ஏப்ரலில் 'குட் பேட் அக்லி' ஆகிய படங்கள் வெளியாயின. ஜனவரி இறுதியில் பத்மபூஷன் விருது அறிவிக்கப்பட்டது. எல்லாம் ஒரே நாயகக் கதையின் அத்தியாயங்களாக எழுதப்பட்டன. நாயகன் விழுவான், எழுவான், வெல்வான். பந்தயத்திலோ பெரும்பாலும் விழுவதும் எழுவதும் மட்டுமே உண்டு. எழுந்தபின் பதினோராம் இடத்தில் முடிப்பதும் நல்ல நாள்தான். இந்த உண்மைக்கு நாயகக் கதையில் இடமில்லை.

முன்வரலாறு: சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

இந்தப் பருவம் ஏதோ வெற்றிடத்தில் தோன்றியது போன்ற எண்ணத்தையும் செய்திகள் உருவாக்கின. உண்மையில் கார்ப் பந்தயத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் அக்கழகம் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. வைக்கோல் கட்டுகளைத் தடுப்பாக வைத்து, கூரையில்லா வெயிலில் பெருங்கூட்டம் பார்த்த பந்தயங்கள் அவை. வீட்டுக் காரை மாற்றியமைத்து ஓட்டிய ஓட்டுநர்களே அங்கு அதிகம். அவ்வகையில் சோழவரம்தான் தமிழ்நாட்டின் முதல் டூரிங் கார்ப் பள்ளி.

1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் தாமே பந்தயக் கார்களை வடிவமைத்து, குறைந்த செலவில் இளைஞர்கள் ஓட்டக்கூடிய ஃபார்முலா மாருதி வகையை உருவாக்கினார். 1995இல் அவர் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட தடம் அவர் பெயரைத் தாங்குகிறது.

கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1இன் முதல் இந்திய ஓட்டுநரானார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் அதே தொடரில் ஓட்டினார். அவருக்கு முன் அவர் தந்தையும் தாத்தாவும் இவ்விளையாட்டில் ஈடுபட்டவர்கள். அதே 2010இல் ஐரோப்பாவின் ஃபார்முலா 2 தொடரில் அர்மான் இப்ராகிம், பார்த்திவா சுரேஷ்வரன், அஜித்குமார் ஆகிய மூன்று சென்னைக்காரர்கள் பங்கேற்றனர். ஆக, 2025 அஜித்குமாருக்கே தொடக்கமல்ல. 2003இல் ஆசிய ஃபார்முலா பிஎம்டபிள்யூ தொடரிலிருந்து விட்டு விட்டு நீண்ட பயணத்தின் இன்னொரு கட்டம்.

நம் பொருளுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபூஜி தடத்தில் ஒரு சிறப்புப் பந்தயம் நடந்தது. ஜெர்மனியின் டூரிங் கார்த் தொடரான டிடிஎம்மின் கார்களும், ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடரின் கார்களும் சேர்ந்து ஓடின. இரண்டு நாட்டு நிறுவனங்களின் முழுநேரத் தொழில்முறை ஓட்டுநர்கள் களத்தில் இருந்தனர். அதன் இரண்டாவது பந்தயத்தில் ஹோண்டா காரை ஓட்டி முதலிடம் பெற்றவர் நரேன் கார்த்திகேயன். வகுப்பில் அல்ல, ஒட்டுமொத்தமாக முதலிடம். இந்த வெற்றியை அறிந்த தமிழ் வாசகர்கள் குறைவு. துபாயின் வகுப்பு மூன்றாம் இடத்தை அறிந்தவர்கள் பல இலட்சம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் எழுத்தின் அளவுகோல் எங்கே பிசகியிருக்கிறது என்பது விளங்கும்.

எழுதப்படாத பருவம்

ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டிலேயே ஒரு டூரிங் கார்ப் பருவம் நடக்கிறது. தேசியக் கார்ப் பந்தய வாகையர் தொடரில் இந்தியன் டூரிங் கார்ஸ், இந்தியன் ஜூனியர் டூரிங் கார்ஸ் என்ற வகுப்புகள் உள்ளன. கோவையின் அர்ஜுன் பாலு போன்றவர்கள் இவ்வகுப்புகளில் பலமுறை பட்டம் வென்றவர்கள். ஒரே மாதிரிக் கார்கள் மட்டும் மோதும் தொடர்களும் நடந்துள்ளன. ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பை 2010இல் தொடங்கியது, டொயோட்டா எட்டியோஸ் கார்களுக்கான பந்தயங்கள் பின்னர் வந்தன. சாலையில் நாம் அன்றாடம் பார்க்கும் கார்கள் என்பதால் வாசகருக்கு எளிதில் விளங்கக்கூடிய பந்தயங்கள் இவை.

இவை தமிழ் நாளிதழ்களில் சில வரிச் செய்தியாகவே வருகின்றன. விரிவாக வரும் தருணம் பெரும்பாலும் துயரமானது. 2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டையில் சலூன் கார்ப் பந்தயத்தில் நேர்ந்த விபத்தில் 59 வயது மூத்த ஓட்டுநர் கே.இ. குமார் உயிரிழந்தார். அந்த நாளில் மட்டும் இருங்காட்டுக்கோட்டை தலைப்புச் செய்தியானது. பல்லாண்டுகள் ஓட்டிய ஒருவர் வாசகர்களுக்கு அறிமுகமானதே மரணச் செய்தியில்தான்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் சாலையில் இரவுநேர ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. முதலில் 2023 டிசம்பரில் நடக்கவேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. மருத்துவமனைக்கு வழி, போக்குவரத்து, அரசு செலவு ஆகியவை பற்றி நியாயமான விவாதங்கள் எழுந்தன. உயர்நீதிமன்றம் வரை வழக்கும் சென்றது. ஆனால் அந்த விவாதத்தின் எந்தப் பக்கத்திலும், பந்தயத்தில் யார் ஓட்டினார்கள், எப்படி வென்றார்கள் என்ற எழுத்து அரிதாகவே இருந்தது. ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் அது சாலையைப் பற்றிய செய்தி. விளையாட்டைப் பற்றியது அல்ல.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். நட்சத்திரம் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்? அஜித்குமார் வந்த பிறகுதானே முஜெல்லோ, ஸ்பா என்ற பெயர்கள் தமிழில் புழங்கத் தொடங்கின? இந்த மறுப்பில் உண்மை உண்டு. அணியின் காரிலும் தலைக்கவசத்திலும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சின்னம் இடம்பெற்றதும் கவனத்தை ஈர்த்தது. வாசகரை வாசலுக்குக் கொண்டுவந்தது அவரது புகழே. ஆனால் வாசலுக்கு வந்தவரை உள்ளே அழைத்துச் செல்வது எழுதுகிறவரின் வேலை. ஒன்பது மாதங்கள் வாசகர் வாசலில் நின்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னவர்கள் மிகச் சிலர்.

இடையஞ்சாவடியிலிருந்து ஒரு பார்வை

இந்தப் பிழைகள் வெறும் சொற்பிழைகள் அல்ல என்பதை விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள இடையஞ்சாவடி போன்ற ஊரிலிருந்து பார்த்தால் உணரலாம். ஆரோவில்லை ஒட்டிய இவ்வூருக்குக் கிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. வடக்கே போனால் கழுவேலி ஏரியும் மரக்காணம் உப்பளங்களும் வரும். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு விரையும் கார்களும் பெரிய பைக்குகளும் இச்சாலையை நிறைக்கின்றன. உப்பளத்துக்கு நடுவே சாலை நேராகவும் இருபுறமும் வெட்டவெளியாகவும் இருப்பதால் வேகம் எடுக்கத் தோன்றும். ஆனால் அதே சாலையில்தான் உப்பு மூட்டை ஏற்றிய வண்டிகள் திரும்புகின்றன. வேலைக்குச் செல்வோர் விடியலில் சைக்கிளில் போகிறார்கள். மாடுகள் குறுக்கே நடக்கின்றன.

இப்பகுதி இளைஞர்களுக்குப் பந்தயம் என்றால் கைபேசியில் வரும் முப்பது விநாடிக் காணொளி. அதில் கார் சீறுகிறது, நாயகன் கையசைக்கிறார், பின்னணியில் இசை ஒலிக்கிறது. கோட் 60 அதில் வருவதில்லை. உலகின் தேர்ந்த ஓட்டுநர்களும் ஊதாக் கொடியைக் கண்டதும் 250இலிருந்து 60க்கு இறங்குகிறார்கள். இறங்காதவருக்குத் தண்டனை கிடைக்கும். தடத்தில் ஓர் ஆள் நடமாடும் வரை யாரும் முந்துவதில்லை. கார் உருண்டும் ஓட்டுநர் நடந்து வெளியே வந்ததற்கு அவரது துணிச்சல் காரணமல்ல. இரும்புக் கூண்டு, ஆறுமுனை இருக்கைப் பட்டை, கழுத்துக் காப்பு, தீப்பிடிக்காத உடை, ஓடிவரும் மருத்துவக் குழு ஆகியவையே காரணம். வலென்சியா விபத்தை 'மயிரிழையில் தப்பினார்' என்று எழுதியபோது இந்த ஏற்பாடுகள் அனைத்தும் அதிர்ஷ்டமாக மாறிவிட்டன. உப்பளச் சாலையில் தலைக்கவசமின்றிப் பறப்பவருக்கு அந்த அதிர்ஷ்டம் தமக்கும் உண்டு என்று தோன்றினால் வியப்பில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. இவ்வூர் இளைஞர் ஒருவருக்குப் பந்தய ஆசை வந்தால் அவர் எங்கே போவது? ஐரோப்பியப் போர்ஷே இருக்கைக்குப் பெரும்பணம் வேண்டும். உள்நாட்டில் கார்ட்டிங், அதன்பின் ஃபார்முலா எல்ஜிபி, டூரிங் கார் வகுப்புகள் என்று ஒரு படிவரிசை இருக்கிறது. இருசக்கரப் பந்தயத்தில் நுழைவது இன்னும் எளிது. ஓசூரின் டிவிஎஸ் நிறுவன அணிக்காக ஓட்டிப் பலமுறை தேசியப் பட்டம் வென்ற ஜெகன் குமார் சென்னைக்காரர். ஓட்டுவது மட்டுமே பணியும் அல்ல. ஒவ்வொரு பந்தயத்துக்கும் கொடி காட்டுவோர், தடக் கண்காணிப்பாளர்கள், நேரக் கணக்கர்கள், இயந்திரப் பணியாளர்கள் வேண்டும். மிசானோவில் சிதறல்களை அகற்றும் காட்சியைப் பகிர்ந்த இலட்சக்கணக்கானோருக்கு, அங்கு ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பணியாளர்கள் கண்ணில் படவில்லை. அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர்கள் இருங்காட்டுக்கோட்டையிலும் இருக்கிறார்கள். இந்த வழிகளைச் சொல்லும் தமிழ்க் கட்டுரை ஒன்று கிடைத்தால், சாலையில் தீரும் வேகம் தடத்துக்குப் போக ஒரு வாய்ப்பு உண்டு.

மதிப்பீடு

2025 பருவம் அஜித்குமாருக்கும் அவரது அணிக்கும் பெருமைக்குரியது. அந்தப் பெருமை மிகைப்படுத்தலைச் சார்ந்து நிற்கவில்லை. வகுப்பில் மூன்றாம் இடம் என்று முழுதாகச் சொன்னாலும் அது குறைந்துவிடாது. ஓட்டியவர்களின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் கூடும். துபாயில் ரசிகர்களிடம் அவர் சொன்னதன் கருத்தும், நடிகர்களை வாழ்த்திக்கொண்டே இருக்காமல் அவரவர் வாழ்க்கையைக் கவனியுங்கள் என்பதே. அந்தப் பேச்சும் வழக்கம்போல் வாழ்த்து முழக்கத்தோடு பகிரப்பட்டது.

தமிழில் விளையாட்டு எழுத்து கிரிக்கெட்டுக்கும் சதுரங்கத்துக்கும் ஒரு சொல்வளத்தையும் வாசகர் பயிற்சியையும் உருவாக்கியிருக்கிறது. சதுரங்கத்தில் ஈலோ மதிப்பெண் என்றால் என்ன என்று இன்று பள்ளி மாணவருக்குத் தெரியும். கார்ப் பந்தயத்திலும் அது முடியும். வகுப்பு, ஓட்டுநர் தரம், பிட் ஸ்டாப், கோட் 60 ஆகிய நான்கு சொற்களை விளக்கினாலே ஒரு முடிவுப் பட்டியலை மாணவர் தாமாக வாசித்துவிடலாம். அப்படி வாசிக்கத் தெரிந்தவர் அடுத்த செய்தியைப் பார்க்கும்போது 'எந்த வகுப்பில்?' என்று கேட்பார். அவருக்கு ஃபூஜியில் வென்ற நரேனும், இருங்காட்டுக்கோட்டையில் பட்டம் வென்ற அர்ஜுன் பாலுவும், துபாயில் தம் இருக்கையை விட்டுக்கொடுத்த அஜித்குமாரும் அவரவர் உரிய அளவில் தெரிவார்கள்.